பதினான்குக்கும் பதினெட்டுக்கும் நடுவே

சாத்தூர் வட்டாரத்தில், தீப்பெட்டி வேலையிலிருந்து மீட்ட பிள்ளைகளுக்கான சிறப்புப் பள்ளி ஒன்றில் 14 ஆண்டுகள் ஆசிரியையாக இருந்தேன். பிறகு மூன்று ஆண்டுகள் குழந்தைகள் நலக் குழுவில் உறுப்பினர். குழந்தைகளின் உரிமைகள் பற்றிக் கேட்கலாம் என்று சென்ற மாதம் இந்தப் பக்கத்தில் அறிவித்ததும் கடிதங்கள் குவிந்துவிட்டன. சட்டம் சொல்வதையும் நான் கண்ணால் பார்த்ததையும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

“எட்டு வயதில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவள் நான். இன்று எங்கள் தெருவில் ஒரு பிள்ளைகூட வேலைக்குப் போவதில்லை. குழந்தைத் தொழிலாளர் பிரச்சினை முடிந்துவிட்டது என்று நம்பலாமா?”
— ஒரு வாசகி, கோவில்பட்டி

உங்கள் தெருவைப் பற்றிப் படித்தபோது மனம் நிறைந்தது, சகோதரி. அது சாதாரண மாற்றமில்லை. எந்தக் காலத்திலிருந்து இங்கே வந்து சேர்ந்திருக்கிறோம் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும்.

2001இல் என் வகுப்புக்கு வந்த 11 வயதுப் பெண் ஒருத்தியை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். விடியற்காலை நான்கு மணிக்கு ஊருக்குள் வந்து ஹாரன் அடிக்கும் கம்பெனி பஸ்ஸுக்காக எழுந்து பழகியவள். பள்ளிக்கு வந்த பிறகும் நான்கு மணிக்கே விழிப்பு வந்துவிடும்; பதினோரு மணிக்கெல்லாம் தூக்கத்தில் தலை சாயும். குச்சிகளைக் கட்டையில் அடுக்கி அடுக்கி விரல் நுனி காய்த்துப்போயிருந்தது. எழுத்து ஒன்றும் தெரியாது. ஆனால் ஒரு கட்டைக்கு இவ்வளவு கூலி என்றால் 37 கட்டைக்கு எவ்வளவு என்று கேட்டால், நான் கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் விடை சொல்வாள். அவளுக்குப் பெருக்கல் வாய்பாட்டை அந்தக் கூலிக் கணக்கிலிருந்துதான் தொடங்கினேன்.

அவள் அம்மா ஒருநாள் பள்ளி வாசலில் நின்று கேட்டார்: “டீச்சர், பிள்ளைக்குச் சோறு போடுகிறீர்கள், பாடம் சொல்லிக் கொடுக்கிறீர்கள். நான் வாங்கிய முன்பணத்தை யார் அடைப்பது?” என்னிடம் பதில் இல்லை. அப்போது எங்கள் பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த உதவித்தொகை மாதம் 100 ரூபாய்.

சட்டம் அதற்கு முன்பே வந்துவிட்டது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம். அதே ஆண்டில் சிவகாசிப் பிள்ளைகளுக்காக வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆபத்தான வேலையில் வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும். அந்தக் குடும்பத்தில் ஒரு பெரியவருக்கு அரசு வேலை தேடித் தர வேண்டும், முடியாவிட்டால் 5,000 ரூபாயைக் குழந்தையின் பெயரில் நிதியில் சேர்க்க வேண்டும். தீர்ப்பின் பிற்பாதியைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். பிள்ளையை வெளியே கொண்டுவந்தால் அந்தக் கூலியின் இடத்தில் எதையாவது வைக்க வேண்டும் என்று நீதிபதிகள் புரிந்துகொண்டிருந்தார்கள். நடைமுறையில் அந்தப் பாதிதான் மிகவும் பின்தங்கியது. சோதனைக்கு அதிகாரிகள் வருகிறார்கள் என்றால் பிள்ளைகள் பின்வாசல் வழியாக அனுப்பப்பட்டார்கள். “வயது கேட்டால் பதினைந்து என்று சொல்” என்று சொல்லிக் கொடுத்து வைத்திருந்தார்கள். கெடுபிடி அதிகமானபோது வேலை வீட்டுக்கே வந்தது.

பிள்ளைகள் உண்மையில் வெளியே வந்தது பல காரணங்கள் ஒன்றுகூடியதால். இயந்திரம் வந்து கட்டை அடுக்கும் வேலையைக் குறைத்தது. நூறு நாள் வேலை வந்ததும் பெண்களின் கையில் இன்னொரு கூலி சேர்ந்தது. வீட்டுக்கு ஐந்து பிள்ளைகள் என்பது இரண்டாகியது. பள்ளியில் மதியச் சோறு உறுதியாக இருந்தது. 1956இல் காமராசர் தொடங்கி 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்த திட்டம் அது. 2022 செப்டம்பரில் காலை உணவும் சேர்ந்தது. தாய் சமைத்து வைக்காமலே வேலைக்குக் கிளம்பும் வீட்டில் அந்த உப்புமாவுக்கும் கிச்சடிக்கும் என்ன மதிப்பு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் முடிந்துவிட்டதா என்றால், இல்லை. நாட்டில் 5 முதல் 14 வயதுக்குள் வேலை செய்த பிள்ளைகள் 2001 கணக்கெடுப்பில் ஒரு கோடியே 26 லட்சம். 2011இல் ஒரு கோடியே ஒரு லட்சம். அதற்கடுத்த கணக்கெடுப்பு தள்ளிப்போய்விட்டதால் இந்தப் பழைய எண்ணை வைத்துக்கொண்டே இத்தனை ஆண்டுகள் பேசிவருகிறோம். பிள்ளைகளை எண்ணாமல் அவர்களுக்குத் திட்டம் போடுவது எப்படி? உங்கள் தெருப் பிள்ளைகள் போய்விட்ட இடங்களில் இப்போது வேறு மாநிலப் பிள்ளைகள் நிற்கிறார்களா என்று ஒருமுறை பாருங்கள்.

“சின்னதாக மளிகைக் கடை வைத்திருக்கிறேன். 12 வயது மகன் மாலையில் வந்து பொட்டலம் கட்டித் தருவான். இதுவும் குற்றமா?”
— ஒரு வாசகர், காரைக்குடி

இல்லை. 2016இல் சட்டத்தைத் திருத்தியபோது, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் முடிந்த பிறகும் விடுமுறை நாளிலும் பிள்ளை உதவலாம் என்று அனுமதித்திருக்கிறார்கள். படிப்பு கெடக்கூடாது என்பது நிபந்தனை. பக்கத்து வீட்டுப் பையனைக் கூலிக்கு நிறுத்தினால் கதை வேறு: ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டுவரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும்.

உங்கள் மகன் பொட்டலம் கட்டுவதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்த விதிவிலக்கைச் சட்டத்தில் வைத்தது எனக்கு இன்றும் ஆறவில்லை. நல்ல கடைக்காரருக்கு அது தேவையே இல்லை. அவரை யாரும் பிடித்துக்கொண்டு போகப்போவதில்லை. பீடி சுற்றும் வீட்டிலும் பெட்டி ஒட்டும் வீட்டிலும் ஒரு சிறுமி இரவு பத்து மணிவரை குனிந்தே உட்கார்ந்திருந்தால், “குடும்பத்துக்கு உதவுகிறாள்” என்று சொல்லித் தப்பிக்க ஒரு வாசல் திறந்துவிட்டார்கள். அந்த வீட்டுக்குள் எந்த ஆய்வாளர் போய் மணி பார்ப்பார்?

“என் தங்கை மகளுக்கு 15 வயது. பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்றுவிட்டாள். மூன்று வருடம் விடுதியில் தங்கி நூற்பாலையில் வேலை செய்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் கிடைக்கும் என்று ஒரு புரோக்கர் சொல்கிறார். தங்கை அனுப்பச் சம்மதித்துவிட்டாள். 14 வயதானால் வேலைக்குப் போகலாம் என்றுதானே சட்டம் சொல்கிறது?”
— ஒரு வாசகி, தேனி மாவட்டம்

அனுப்பாதீர்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். காரணத்தை விரிவாகவே எழுதுகிறேன். வந்த கடிதங்களில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது உங்களுடையதுதான்.

குழந்தை என்றால் எத்தனை வயதுவரை? ஐக்கிய நாடுகள் சபை 1989இல் ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கை 18 என்கிறது. இந்தியா 1992 டிசம்பரில் அதில் இணைந்தது. ஆனால் குழந்தை உழைப்பைப் பற்றிய 32ஆம் பிரிவை மட்டும் படிப்படியாகத்தான் நிறைவேற்ற முடியும் என்று எழுதிக் கொடுத்துவிட்டே இணைந்தது. பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தில் வயது 18. இளைஞர் நீதிச் சட்டத்திலும் 18. பெண்ணின் திருமணத்துக்கு 18. கட்டாய இலவசக் கல்வி மட்டும் 6 முதல் 14 வரை. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. வேலைக்குத் தடையும் 14 வரைதான். அதற்குமேல் 18 வரை சுரங்கம், வெடிபொருள் போன்ற ஆபத்தான வேலைகளுக்கு மட்டும் தடை.

ஆக, 14 முடிந்த பெண்ணைப் பள்ளியில் வைத்திருக்க வேண்டிய கடமை சட்டப்படி யாருக்கும் இல்லை. கல்யாணம் செய்துவைக்கவும் முடியாது. அந்த நான்கு ஆண்டுகள் அவள் எங்கே இருப்பாள்? புரோக்கரிடம் பதில் இருக்கிறது. அவர் சொல்லும் மூன்று வருடத்தைக் கவனித்தீர்களா? உங்கள் பெண்ணின் 15உடன் 3ஐக் கூட்டிப் பாருங்கள்.

இதைச் சுமங்கலித் திட்டம் என்றார்கள், மாங்கல்யத் திட்டம் என்றார்கள். பெயர் கெட்டுப்போனதும் பெயரை விட்டுவிட்டார்கள். முறை அங்கங்கே இருக்கிறது. கடைசியில் தருவதாகச் சொல்லும் அந்தப் பணம் பரிசு கிடையாது. மாதாமாதம் அவள் கைக்கு வந்திருக்க வேண்டிய கூலியிலிருந்து பிடித்து வைத்தது. குழுவில் நான் இருந்தபோது 17 வயதுப் பெண் ஒருத்தியை எங்கள் முன் அழைத்து வந்தார்கள். இரண்டரை ஆண்டு ஓர் ஆலையின் விடுதியில் இருந்தவள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனில் பேசலாம், வார்டன் பக்கத்தில் நிற்பார். உடம்பு முடியாமல் பாதியில் வெளியே வந்தாள். மூன்று ஆண்டு முடியவில்லை என்று மொத்தப் பணமும் இல்லை என்றார்கள். அவளுக்குச் சேர வேண்டியதை வாங்கித் தர ஒரு வருடம் அலைந்தோம். வந்தது பாதிதான். அவள் கேட்டது பணத்தைப் பற்றி அல்ல. “மேடம், நான் இப்போது ஒன்பதாம் வகுப்பில் சேர முடியுமா?” என்று கேட்டாள்.

15 வயதுப் பெண்ணை இரவு ஷிப்டில் நிறுத்தக்கூடாது. கூடுதல் நேரமும் கூடாது. இவையெல்லாம் சட்டத்தில் இருக்கின்றன. வீட்டை விட்டு, விடுதிக் கதவுக்குள் இருக்கும் பெண்ணுக்கு இவற்றை யார் எடுத்துச் சொல்வார்கள்?

இனி நீங்கள் செய்ய வேண்டியது. ஒரு பாடத்தில்தானே தோல்வி? துணைத் தேர்வு இருக்கிறது. அவள் படித்த பள்ளித் தலைமையாசிரியரை நேரில் பாருங்கள். கடிதத்தை நம்பாதீர்கள், நேரில் போங்கள், தங்கையையும் கூட்டிக்கொண்டு போங்கள். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்து மேற்படிப்பில் சேரும் பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கிலேயே விழும். இதையும் தங்கையிடம் சொல்லுங்கள். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் இருந்த திருமண உதவித் திட்டம்தான் 2022இல் இப்படி மாறியது. தாலிக்குத் தங்கம் கொடுத்த பணம் படிப்புக்குப் போகிறது. தேவதாசி முறையை எதிர்த்துக் கடைசிவரை போராடிய அந்த அம்மையாரின் பெயருக்கு இதுதான் பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது.

தங்கைக்குக் கடன் நெருக்கடி இருந்தால் அதையும் எழுதுங்கள். கடனைப் பேசாமல் பெண்ணின் படிப்பை மட்டும் பேசினால், அன்று பள்ளி வாசலில் நின்ற தாயிடம் நான் வாயடைத்து நின்ற மாதிரிதான் ஆகும்.

“பிள்ளைகளுக்கு உரிமை உரிமை என்று சொல்லிக் கெடுக்கிறீர்கள். நாங்கள் அடி வாங்கித்தான் ஆளானோம். இன்று ஆசிரியர் பிரம்பைத் தொட முடியவில்லை.”
— ஒரு வாசகர், திருநெல்வேலி

ஐயா, கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடலாலும் மனத்தாலும் பிள்ளையைத் துன்புறுத்துவதைத் தடுக்கிறது. அதை நான் முழு மனத்துடன் ஏற்கிறேன். குழுவில் இருந்த மூன்று ஆண்டுகளில், ரயில் நிலையங்களில் தனியாகத் திரிந்து எங்களிடம் கொண்டுவரப்பட்ட பையன்களிடம் ஏன் வீட்டை விட்டு வந்தாய் என்று கேட்டால், பெரும்பாலானவர்கள் முதலில் சொன்ன சொல் “அடி”. அடி வாங்கி ஆளானவர்கள் உங்களைப் போலக் கடிதம் எழுதுகிறார்கள். ஆளாகாமல் போனவர்களை நான் எதிரே உட்கார வைத்துப் பேசியிருக்கிறேன். என் வகுப்புப் பிள்ளைகள் பள்ளிக்கு வருமுன்பே, கட்டை குறைந்ததற்காக மேஸ்திரியிடம் அடி வாங்கியவர்கள். பிரம்பைக் கண்டால் அடுத்த நாள் வேலைக்கே திரும்பிப் போயிருப்பார்கள்.

“பக்கத்துத் தெருவில் பதினொன்றாம் வகுப்புப் பெண்ணுக்கு அடுத்த மாதம் கல்யாணம் பேசியிருக்கிறார்கள். புகார் செய்தால் யார் சொன்னது என்று ஊருக்குத் தெரிந்துவிடும். என்ன செய்வது?”
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தருமபுரி மாவட்டம்

குழந்தைகளுக்கான உதவி எண்ணான 1098க்கு அழையுங்கள். கட்டணம் இல்லை, எந்த நேரமும் பேசலாம், உங்கள் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. பெண் எந்தப் பள்ளி, எந்தத் தெரு, கல்யாணம் எங்கே, என்ன தேதி என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். மாவட்டச் சமூக நல அலுவலர்தான் குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர். அவரிடம் தகவல் போகும். இன்றே பேசுங்கள். பந்தல் கால் நட்ட பிறகு நிறுத்துவது பெண்ணுக்குப் பெரிய அவமானமாகிவிடும். பத்திரிகை அடிக்கும் முன்பு பேசினால் பல வீடுகளில் கௌரவம் கெடாமலே காரியம் முடியும்.

கல்யாணத்தை நிறுத்துவதோடு வேலை முடிவதில்லை என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒருமுறை முகூர்த்தத்துக்கு முதல்நாள் மாலை ஒரு கல்யாணத்தை நிறுத்தினோம். 18 ஆகும்வரை செய்யமாட்டோம் என்று பெற்றோர் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். எனக்கு நிம்மதி. நான்கு மாதம் கழித்து அந்தப் பெண்ணின் வகுப்பாசிரியை கூப்பிட்டு, அவள் மூன்று வாரமாக வரவில்லை என்றார். விசாரித்தால், வேறு மாவட்டத்தில் ஒரு கோயிலில் வைத்துக் கட்டிவைத்துவிட்டார்கள். அந்த நான்கு மாதத்தில் ஒருமுறையாவது அந்த வீட்டுக்கு நான் போயிருக்க வேண்டும். போகவில்லை. அதற்குப் பிறகு, கையெழுத்து வாங்கியதோடு நிற்காமல் நீதித்துறை நடுவரிடம் தடையாணை கேட்கும்படி வற்புறுத்தத் தொடங்கினேன். 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, தடையாணையை மீறிச் செய்த கல்யாணம் செல்லாது. தடையாணை இல்லாமல் நடந்துவிட்டால், பெண்தான் 20 வயதுக்குள் நீதிமன்றம் போய் ரத்து செய்யக் கேட்க வேண்டும். மாமியார் வீட்டிலிருந்து எத்தனை பெண்களால் அது முடியும்?

நாடு முன்னேறவில்லை என்று சொல்லமாட்டேன். 20 முதல் 24 வயதுப் பெண்களில் 18க்கு முன் கல்யாணம் ஆனவர்கள் 2005–06 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் நூற்றுக்கு 47 பேர். 2019–21இல் 23 பேர். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 13. அந்தப் பதின்மூன்றில் ஒருத்தியாக உங்கள் பக்கத்துத் தெருப் பெண் சேர்ந்துவிடக் கூடாது. கல்யாணம் நின்ற பிறகு அந்தப் பெண்ணோடு பேச்சை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஊர் அவளிடம் பேசாமல் போகும் மாதங்களில்தான் அவள் “சரி, கட்டிவையுங்கள்” என்று சொல்லிவிடுகிறாள்.

“எங்கள் பள்ளிக்குப் பக்கத்தில் செங்கல் சேம்பர். ஒடிசாவிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் நான்கு பேர் தினமும் காலை உணவு நேரத்தில் வேலியோரம் வந்து நிற்கிறார்கள். மாற்றுச் சான்றிதழும் ஆதாரும் இல்லாமல் சேர்க்க முடியாது என்கிறார்கள். ஆறு மாதத்தில் போய்விடும் பிள்ளைகளுக்கு எதற்கு என்றும் கேட்கிறார்கள்.”
— தொடக்கப் பள்ளி ஆசிரியை, திருவள்ளூர் மாவட்டம்

நாளைக் காலை சேர்த்துவிடுங்கள், தங்கையே. வயதுச் சான்று இல்லை என்று எந்தப் பிள்ளைக்கும் சேர்க்கையை மறுக்கக்கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு சொல்கிறது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் என்று காத்திருக்க வைக்கக்கூடாது என்கிறது 5ஆம் பிரிவு. வயதுக்கேற்ற வகுப்பில் உட்கார வைத்து, விட்டுப்போனதைத் தனியாகச் சொல்லித் தர வேண்டும் என்கிறது 4ஆம் பிரிவு. பள்ளிச் சேர்க்கைக்கு ஆதார் கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது. இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதித் தலைமையாசிரியர் மேசையில் வையுங்கள். அவர் கெட்டவராக இருக்கமாட்டார். கணினியில் எண் ஏறாத பிள்ளைக்குச் சாப்பாட்டுக் கணக்கு எப்படிக் காட்டுவது என்ற பயம்தான் பாதி இருக்கும். வட்டாரக் கல்வி அலுவலரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிவிட்டால் அந்தப் பயம் போய்விடும்.

மொழி ஒரு சுவர்தான். உங்கள் மாவட்டத்திலேயே சூளைகளுக்குப் பக்கத்தில் ஒடியா மொழியில் பாடம் நடத்திய அனுபவம் உண்டு. கல்வி அலுவலகத்தில் விசாரியுங்கள், பாடப்புத்தகமாவது கிடைக்கும். அதுவரை எண்களிலிருந்து தொடங்குங்கள். சேம்பர் பிள்ளைகளுக்குக் கல் எண்ணத் தெரியும்.

ஆறு மாதப் பிள்ளைகள் என்பதற்கு மட்டும் ஒரு யோசனை. மழைக்கு முன் அவர்கள் ஊருக்குக் கிளம்பும்போது, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தாள் கொடுத்தனுப்புங்கள்: புகைப்படம், பெயர், எந்த வகுப்பில் எத்தனை நாள் வந்தான், எதுவரை படித்தான், பள்ளியின் முத்திரை, பள்ளியின் தொலைபேசி எண். பிளாஸ்டிக் உறையில் போட்டு அம்மா கையில் கொடுங்கள். முன்பண ரசீதோடு பத்திரமாக வைத்துக்கொள்வார். அடுத்த சீசனில் அவர்கள் வேறு சேம்பருக்குப் போனாலும், அங்கே இருக்கும் ஆசிரியைக்கு அந்தத் தாள் போதும்.